சும்மா இருந்தவர் வேற்றுமை

"டம்ளர் உடைஞ்சுபோச்சுன்னு சொல்றோமே, அதுல யாருடி உடைச்சது?" என்று சித்தி கேட்டாள். நான் அவள் வீட்டுச் சமையலறையில் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"யாரும் உடைக்கலை சித்தி. உடைஞ்சுபோச்சு, அவ்வளவுதான்."

"அதெப்படி அவ்வளவுதான்? டம்ளர் தானா நடந்துபோய் விழுந்துச்சா?"

"சித்தப்பா உடைச்சாருன்னு சொல்லணும்னா அப்படியே சொல்லிடலாமே."

"சொல்லலாம். சொல்லாமலும் விடலாம், இல்லையா? அந்தச் சந்துலதான் உங்க சித்தப்பா இத்தனை வருஷமா குடித்தனம் நடத்துறாரு."

கூடத்திலிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது. "நான் பக்கத்துல சும்மா நின்னுட்டிருந்தேன்மா."

"கேட்டியா? சும்மா நின்னுட்டிருந்தாராம். கையில டம்ளரோட."

சித்தி மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்தாள். பிறகு நிஜமாகவே சந்தேகம் கேட்பவள்போலக் கேட்டாள்: "இவரை உடைச்சவருன்னும் சொல்ல முடியாது, உடைக்காதவருன்னும் சொல்ல முடியாது. நீ ரெண்டு மொழி படிச்சவ. ரெண்டுல எதுலயாவது இவரை உட்கார வைக்க ஒரு இடம் இருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்லை சித்தி."

"அப்ப நான்தான் செய்யணும்" என்றாள், கண்ணாடித் துண்டுகளைக் கூட்டியபடியே.

சித்தி என் அம்மாவுக்கு இளையவள். துணி துவைக்கும் மிஷின் விற்கும் கம்பெனி ஒன்றில், தொலைபேசியில் புகார் வாங்குவது அவள் வேலை. கிடங்குக்கு மேலே ஒரு நீளமான அறை. மூன்று மேஜைகள், ஆளுக்கொரு ஹெட்போன். சித்தியுடையதில் காதுப் பஞ்சு தேய்ந்து ஒரு பக்கம் மட்டும் மிச்சமிருந்தது. அலுவலகத்தில் அவளைப் புகார் அக்கா என்பார்கள். வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவளுக்கு ஒரு விஷயம் உறுத்தியிருக்கிறது. ஊரில் எந்த மிஷினையும் எவரும் கெடுப்பதில்லை. எல்லாம் தானாகவே நின்றுபோகின்றன. கதவு தானாகவே கழன்றுகொள்கிறது. உள்ளே ஒரு செருப்பு கிடக்கும். அது எப்படி வந்தது என்றே தெரியவில்லை மேடம் என்பார்கள். சித்தி மரியாதையாக, "சரிங்க, செருப்பு தானா உள்ள போயிருக்கு, எழுதிக்கிறேன்" என்பாள்.

அந்த வேலையில்தான் அவளுக்கு மொழி செய்யும் ஆசை வந்தது. புகாருக்கும் புகாருக்கும் நடுவே சும்மா இருக்க நேரும்போது, ஒருவரும் நழுவ முடியாத ஒரு மொழி இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தாள். முதலில் தண்ணீருக்கு ஒரு சொல்: ஊமி. டம்ளருக்கு நெவி. உடைவதற்குத் தக். சித்தப்பாவுக்குப் பாவு. இப்படியே சில நூறு சொற்கள் சேர்ந்துவிட்டன. எங்கள் வீட்டில் அதற்குச் சித்தி பாஷை என்று பெயர். அந்தப் பெயர் அவளுக்குப் பிடிக்காது. அம்மாவுக்கு அந்த மொழியே பிடிக்காது.

"ஊர்ல இருக்கிற பாஷையில பேசவே ஆள் இல்லை. இவ புதுசா ஒண்ணு கிளப்புறா" என்பாள் அம்மா.

"அக்கா, நீ ஸ்வெட்டர் பின்றியே, ஊர்ல ஸ்வெட்டர் இல்லையா?"

"ஸ்வெட்டரைப் போட்டுக்கலாம்டி."

சொற்களைச் செய்வது சித்திக்குச் சுலபமாக இருந்தது. சிக்கல் வேற்றுமையில் வந்தது. பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். மரத்தை, மரத்தால், மரத்துக்கு என்று ஒரே மரம் வாலை மட்டும் மாற்றிக்கொண்டு வரும். மரத்தை அடித்தான் என்றால் மரத்துக்குச் சேதம். மரத்தால் அடித்தான் என்றால் வேறு யாருக்கோ சேதம். நான் படித்த இன்னொரு மொழியில் வால் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு சின்னச் சொல் முன்னால் தனியாக நடந்துவரும். சித்தி இரண்டையும் என்னிடம் கேட்டுக்கொண்டாள். வால்தான் வேண்டும் என்றாள். முன்னால் நடந்துவருவதை மக்கள் வேண்டுமென்றே தொலைத்துவிடுவார்கள், ஒட்டியிருந்தால் கழற்ற முடியாது என்பது அவள் கட்சி.

டம்ளர் உடைந்த வாரத்தில் மூன்று வால்கள் பிறந்தன. தெரிந்து செய்தவருக்கு மூக். தெரியாமல் செய்தவருக்குச் சிப். செய்யவும் இல்லை, தடுக்கவும் இல்லை, ஆனால் பக்கத்தில் இருந்தார் என்றால் லாய். இந்த மூன்றாவதுக்குச் சும்மா இருந்தவர் வேற்றுமை என்று பெயர் வைத்தாள். சித்தப்பாவை உட்கார வைக்க ஒருவழியாக இடம் கிடைத்துவிட்டது. பாவுலாய் நெவி தக்: சித்தப்பா பக்கத்தில் சும்மா இருக்க, டம்ளர் உடைந்தது.

வால்கள் முதலில் இப்படி இல்லை. மெல்லிய, அழகான ஓசைகளாகத்தான் வைத்திருந்தாள். ஆனால் அவளுக்கு வரும் அழைப்புகளில் பாதி, மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது வருபவை. பின்னால் குழந்தை அழும், குழாய் கொட்டும். அந்தச் சத்தத்தில் வேறு எது போனாலும் வால் மட்டும் காதில் விழ வேண்டும், யார் செய்தது என்று தெரிந்துவிட வேண்டும் என்பது அவள் விதி. அதனால் சோதனை வைத்தாள். அவள் வீட்டு மிஷின் பழையது. பிழியும் கட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார். அந்தக் கட்டம் வந்ததும் சித்தி மிஷின் பக்கத்தில் நின்று வால்களை ஒவ்வொன்றாகச் சொல்வாள். நான் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் விழுந்ததைத் திருப்பிக் கத்த வேண்டும். ஈன், ஏன், இன் எல்லாம் ஒரே முனகலாக வந்தன. அவை அன்றைக்கே குப்பைக்குப் போயின. மூக் தப்பியது. சிப் தப்பியது. லாய் சுவரையும் தாண்டிப் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டி, "யாரைக் கூப்பிடுறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதன்பின் சித்திக்குக் கை நிற்கவில்லை. இரவல் வாங்கிய பொருளுக்கு ஒரு வால். இரவல் வாங்கித் திருப்பித் தரும் எண்ணமே இல்லாத பொருளுக்கு வேறொரு வால். கேட்காமல் எடுத்ததற்கு ஒன்று. வீட்டில்தான் இருக்கிறது, ஆனால் தேடினால் கிடைக்காது என்பதற்கு ஒன்று. கத்தரிக்கோலும் நகவெட்டியும் அந்த வால் இல்லாமல் அவள் மொழியில் வருவதேயில்லை. ஒவ்வொன்றையும் ஒரு சிறு தாளில் எழுதி, சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். எடுத்துக்காட்டு வாக்கியம் கீழே இருக்கும். வாக்கியத்துக்கு அவளுக்குக் கிடைத்த ஆட்கள் எல்லாம் சொந்தக்காரர்கள்தான். ஒருநாள் அம்மா சர்க்கரை எடுக்கப் போய் அலமாரியைத் திறந்தாள்.

"திருப்பித் தர எண்ணமில்லாத இரவல், எடுத்துக்காட்டு, அக்காவிடம் உள்ள என் குடை. இது என்னடி?"

"அது இலக்கணம் அக்கா."

"குடை வேணும்னா குடை வேணும்னு கேளு. இலக்கணத்துல போட்டு மானத்தை வாங்காதே."

மறுநாள் குடை திரும்பி வந்தது. எடுத்துக்காட்டுக்கு வேறு பொருள் தேட வேண்டியதாயிற்று என்று சித்தி வருத்தப்பட்டாள்.

ஆனால் மொழி இருந்தும், அதைப் பேச அவள் ஒருத்தி மட்டும்தான் இருந்தாள். மொழி செய்பவர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை நூலகத்தின் மாடியில் கூடுவார்கள். செயலாளர் ஒரு பல் டாக்டர். வாயைத் திறந்துவைத்தபடியே பேசக்கூடிய மொழி ஒன்றைச் செய்திருக்கிறார். உதடு ஒட்டும் ஓசையே அதில் கிடையாது. அந்தச் சங்கத்தில் ஒரு விதி. செயலாளர் கொடுக்கும் தலைப்பில், அவர் போதும் என்று சொல்லும் வரை இருவர் பேசிக் காட்டினால்தான் அதை மொழி என்று பதிவு செய்வார்கள். அதுவரை அதற்குத் 'தயாரிப்பில்' என்று பெயர். பல் டாக்டரோடு அவருடைய நர்ஸ் பேசினாராம். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் மிகச் சரளமாகப் பேசினார் என்று சொல்வார்கள். சித்தியின் மொழி எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தயாரிப்பிலேயே இருந்தது.

"எனக்குப் பதிவும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்டி" என்று சித்தி என்னிடம் சொன்னாள். "நான் ஒண்ணு கேக்கணும். எதிர்ல ஒருத்தர் அதுலயே பதில் சொல்லணும். அது ஒரு தடவை நடந்தா போதும்."

எனக்கு அந்த மொழி படித்தால் புரியும். வாய்க்கு வராது. எனக்குத் தெரிந்த இரண்டு மொழிகளிலேயே பேச்சு அதிகம் வராது. ஆகவே சித்தப்பா மாட்டிக்கொண்டார்.

சித்தப்பாவுக்கு ஓட்டுநர் பள்ளியில் வேலை. கூரையில் பலகை வைத்த சின்னக் கார். நாள் முழுவதும் தெரியாதவர்கள் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, குரலை உயர்த்தாமல் "மெதுவா, மெதுவா" என்பார். பொறுமைசாலி. சித்தி சொல்லிக்கொடுத்ததையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். ஆனால் மனத்தில் நின்றது ஒரே வால். எதைச் சொன்னாலும் லாய். அவர் சாப்பிடவில்லை, அவர் சும்மா இருக்கும்போது சாப்பாடு தீர்ந்துபோயிற்று. அவர் தூங்கவில்லை, அவர் பக்கத்தில் இருக்கும்போது தூக்கம் நடந்தது.

சங்கக் கூட்டத்தன்று மூன்று பேரும் காரில் போனோம். நூலக மாடியில் இருபது நாற்காலி, எதிரே ஒரு நீள மேஜை. பல் டாக்டர் ஒரு சீட்டைப் பிரித்து, "இன்று காலை" என்று தலைப்பைப் படித்தார். சித்தி தன் மொழியில், இன்று காலை என்ன குடித்தீர்கள் என்று கேட்டாள். சித்தப்பா எழுந்து நின்று, பாவுலாய் என்று ஆரம்பித்தார்.

"பாவுமூக்" என்றாள் சித்தி. "நீங்க தெரிஞ்சுதானே குடிச்சீங்க."

"பாவுமூக்" என்று அவர் திருத்திக்கொண்டு, டீக்கு உரிய வாலைத் தப்பாகப் போட்டார்.

சித்தி அதையும் திருத்தினாள். அவர் அதைச் சரியாகச் சொல்லும்போது முதலாவதை மறந்து மறுபடி லாய் என்றார். சித்தி மறுபடி திருத்தினாள். அந்த ஒரு டீயை அவர் குடித்து முடிக்கவேயில்லை. வால்களைத் திருத்தும் வேகத்தில் எதிரே ஆட்கள் இருப்பதையே சித்தி மறந்துவிட்டாள். கடைசியில் பல் டாக்டர் மேஜையை லேசாகத் தட்டினார்.

"பாடம் நல்லா நடத்துறீங்க மேடம். ஆனா இது பேச்சு இல்லையே."

மூன்று பேரும் காரில் திரும்பினோம். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபின் சித்தப்பா சொன்னார்: "இனிமே அந்தப் பாஷையில வாயைத் திறந்தேன்னா, என் பேரை மாத்தி வச்சுக்கோ."

சொன்னபடியே இருந்தார். சித்தி அவரிடம் தன் மொழியில் கேட்பதெல்லாம் சுவரில் போட்ட பந்துபோலத் திரும்பி வந்தது. டீ வேண்டுமா என்று அதில் கேட்டால் அவர் பதில் சொல்லாமல் எழுந்துபோய்த் தானே டீ போட்டுக்கொள்வார். சித்தி வால்களை மட்டும் இன்னும் கூர்மையாக்கிக்கொண்டே போனாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் சித்தியும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மிஷின் பிழியும் கட்டத்தில் இருந்தது. குளியலறையில் ஏதோ பட்டென்று கேட்டது. உடனே சித்தப்பாவின் குரல்.

"ஊமி! ஊமி!"

சித்தி துள்ளி எழுந்தாள். தண்ணீர்க் குழாய் மிஷினிலிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே வந்திருந்தது. சித்தப்பா அதை இரண்டு கையாலும் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தார். தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார். சித்தி தன் மொழியிலேயே, குறடு எங்கே என்று கேட்டாள். அவர் அதே மொழியில், வீட்டில்தான் இருக்கிறது ஆனால் தேடினால் கிடைக்காது என்றார். அப்படியென்றால் துணியாவது எங்கே என்றாள். மேலே, இரண்டாவது தட்டில், நீலம் என்றார். யார் குழாயை இழுத்தது என்றாள். யாரும் இல்லை, பழசு, கதவை மூடு, தண்ணீர் கூடத்துக்கு வருகிறது என்றார். கேட்பதும் சொல்வதும் இடைவெளியில்லாமல் போய்க்கொண்டிருந்தது. நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தாங்கள் எந்த மொழியில் பேசுகிறோம் என்பது அவர்கள் இருவருக்குமே தெரிந்திருக்கவில்லை.

சித்தி நீலத் துணியை எடுத்துக் குழாயில் சுற்றினாள். சுற்றும்போது அவளுக்கு ஏதோ உறைத்தது. நிமிர்ந்து, "தட்டுக்கு அந்த வால் வராதுங்க" என்றாள்.

சித்தப்பா அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு குழாயை விட்டுவிட்டு வெளியே போய்விட்டார். தண்ணீர் கூரையில் அடித்தது.

நானும் அவளுமாகத்தான் குழாயை மூடி, கூடத்துத் தண்ணீரை இறைத்தோம். வெகுநேரம் கழித்து, பிழிந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு சித்தி தரையில் உட்கார்ந்தாள்.

"நான் கேட்டேன்டி. அவர் பதில் சொன்னாரு."

"ஆமா சித்தி."

"அதுவும் எவ்வளவு நல்லா சொன்னாரு. எல்லா வாலும் தப்பு, ஒண்ணுவிடாம எனக்குப் புரிஞ்சுது." அவள் துணியை இன்னொரு முறை பிழிந்தாள், அதில் தண்ணீர் இல்லை. "புரிஞ்சதை விட்டுட்டு நான் போய் வாலைப் பிடிச்சு இழுத்தேன் பாரு."

அந்த வாரம் அவள் அலமாரிக் கதவிலிருந்து தாள்களைக் கிழிக்க ஆரம்பித்தாள். எத்தனையோ நாள் மிஷினுக்கு எதிரே நின்று தேர்ந்தெடுத்த வால்கள். மூக், சிப், லாய் மூன்றை மட்டும் விட்டுவிட்டாள். சித்தப்பாவுக்கு அதுபோதும், அதற்குமேல் கேட்டால் ஆள் கையைவிட்டுப் போய்விடுவார் என்று கணக்குப் போட்டிருந்தாள். சனிக்கிழமை நான் போயிருந்தபோது சித்தப்பா வேலையிலிருந்து வந்தார். டீக்குச் சர்க்கரை எடுக்க அலமாரியைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"இங்க இருந்த இரவல் எல்லாம் எங்கே?"

"எடுத்துட்டேங்க. உங்களுக்குக் கஷ்டமா இருக்குன்னு."

"யாரைக் கேட்டு எடுத்தே?"

சித்தி விழித்தாள். "உங்களுக்கு ஏன்? நீங்கதான் வாயே திறக்கமாட்டேன்னு சொன்னீங்களே."

"வீட்டுலதானே திறக்கமாட்டேன்னேன். வண்டியில பேசிட்டுத்தான் இருக்கேன்." அவர் சர்க்கரை டப்பாவைக் கீழே வைத்தார். "தினம் சர்க்கரை எடுக்கிற சாக்குல ஒண்ணு ஒண்ணாப் படிச்சேன். போன வாரம் ஒரு பொண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது வாய்க்குள்ளயே சொல்லிப் பாத்துட்டிருந்தேன். லாய்னு கொஞ்சம் சத்தமா வந்துடுச்சு. அவ பயந்துபோய் நடு ரோட்டுல பிரேக் போட்டுட்டா. பின்னால வந்த லாரிக்காரன் எங்க பரம்பரையையே இழுத்துட்டான்."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா திருத்துவே."

சித்தி டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தாள்.

"அவ்வளவையும் பழையபடி ஒட்டு" என்றார் சித்தப்பா. "எனக்காக வாலை வெட்டிக் கொடுக்க வேண்டாம். தப்புத் தப்பா எல்லாத்தையும் நானே போட்டுக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு வர்றேன். நீ ஒரு வார்த்தை திருத்தினே, அங்கேயே எழுந்து வந்துடுவேன். அதோட சரி."

கிழித்த தாள்களைச் சித்தி குப்பையில் போடாமல் எடுத்துவைத்திருந்தாள். அன்றைக்கே ஒட்டினோம். ஆனால் திருத்தாமல் இருப்பது அவளுக்கு மொழி செய்வதைவிடக் கடினமாக இருந்தது. சித்தப்பா பேசத் தொடங்கியதும் வாயில் ஒரு துண்டு ரொட்டியை வைத்துக்கொள்வாள், ரொட்டியோடேயே திருத்துவாள். எழுந்து பக்கத்து அறைக்குப் போவாள், அங்கிருந்து திருத்துவாள். வாயைப் பொத்திக்கொண்டால் விரல் ஆடும். அது எந்த வாலுக்கு எந்த விரல் என்று சித்தப்பாவுக்குப் பழகிவிட்டது. பாதிப் பேச்சில் முறைத்துவிட்டு எழுந்துவிடுவார். அம்மா ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு, "இவளை அழைச்சிட்டுப் போறதுக்கு அந்த மிஷினை அழைச்சிட்டுப் போங்க, அது நடுவுல தானா நின்னுடும்" என்றாள்.

அடுத்த கூட்டத்தன்று நாங்கள் சீக்கிரமே போய்விட்டோம். பல் டாக்டர் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சித்தப்பா ஜன்னல் ஓரமாக நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, உதடு அசைய ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எட்டிய வரையில் முதல் வாலே தப்பு. சித்தியின் தோள் தூக்கிப்போட்டதைப் பார்த்தேன். அவள் ஓர் இழுப்பில் என்னை மேஜைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய், தன் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"நான் எதுக்கு சித்தி இங்க? நான் பேசப்போறதில்லையே."

"நீ பேச வேண்டாம். மேஜைக்குக் கீழ கையை வச்சுக்கோ." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவர் பேசும்போது நான் மூச்சை இழுத்தேன்னா, திருத்தப்போறேன்னு அர்த்தம். உடனே தொடையில கிள்ளிடு."

"வலிக்குமே சித்தி."

"வலிக்கணும். நீ பூனைக்குட்டி மாதிரி கிள்ளாதே, அது எனக்கு உறைக்காது. உங்க அம்மா சின்ன வயசுல என்னைக் கிள்ளுவா பாரு, நகத்தை வச்சுத் திருகி, அப்படிக் கிள்ளு. நான் முறைச்சாலும் விடாதே. அவர் பேசி முடிக்கட்டும்."